பச்சையாக நிற்கிறது, காய்க்கிறது, ஆனாலும் அருகுகிறது: நமிப் கடலோரத்து !நாரா

ஆப்பிரிக்காவின் தென்மேற்கில் உள்ள நமீபியாவில், நமிப் பாலைவனக் கடலோரத்து வால்விஸ் பே துறைமுகத்துக்குத் தெற்கே, குய்செப் ஆறு கடலைத் தேடி வந்து மணலுக்குள் மறைந்துபோகும் இடத்தில் ஆளுயரத்துக்கும் மேலான மணல்மேடுகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் இலையே இல்லாத, முள் நிறைந்த பச்சைப் புதர் ஒன்று படர்ந்திருக்கும். அதுதான் !நாரா. இந்தச் செடி அருகி வருகிறது என்று சூழலியலாளர்களும், தலைமுறை தலைமுறையாக அதன் பழத்தை உண்டு வாழ்ந்த டோப்னார் மக்களும் சொல்கிறார்கள். ஆனால் அங்கே போய்ப் பார்ப்பவரின் கண்ணுக்குப் புதர் பச்சையாகத்தான் இருக்கிறது. பருவம் வந்தால் காய்க்கவும் செய்கிறது. அப்படியிருக்க, அருகுகிறது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

இரண்டுமே உண்மைதான். இரண்டும் எப்படி ஒருசேர உண்மையாக இருக்க முடியும் என்பதைப் புரிந்துகொள்ள, செடியின் உடலமைப்பிலிருந்து தொடங்கி, அதன் பிறப்பு இறப்புக் கணக்கு வரை போக வேண்டும்.

!நாரா என்பது எது?

முதலில் பெயர். முன்னால் நிற்கும் ஆச்சரியக்குறி நிறுத்தற்குறி அல்ல, ஓர் எழுத்து. டோப்னார் மக்கள் பேசும் நாமா மொழியில் அது ஒரு சொடுக்கொலி. நுனிநாக்கை மேலண்ணத்தில் ஒட்டிச் சட்டென்று விடுவித்தால் வரும் ஒலி அது. நம் ஊர்ப் பிள்ளைகள் குதிரை ஓடுவதுபோல் நாக்கைத் தட்டி விளையாடுவார்களே, ஏறக்குறைய அந்த ஒலிதான்.

தாவரவியல் பெயர் அகாந்தோசிகியோஸ் ஹோரிடஸ். அங்கோலாவில் நெடுங்காலம் தாவரங்களைத் திரட்டிய ஆஸ்திரியர் ஃப்ரீட்ரிக் வெல்விட்ச் இட்ட பெயர் இது. பூசணி, வெள்ளரி, தர்ப்பூசணி எல்லாம் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவை இலையும் பற்றுக்கம்பியுமாகப் படரும் மென்கொடிகள். !நாராவோ இலையைக் கைவிட்டு, இணை இணையான முட்களைத் தாங்கிய கெட்டித் தண்டோடு புதராக நிற்பது. ஒளிச்சேர்க்கை முழுவதும் அந்தப் பச்சைத் தண்டிலும் முள்ளிலுமே நடக்கிறது. மூச்சுவிடும் துளைகள் தண்டின் நீளவாக்கிலான பள்ளங்களுக்குள் ஒதுங்கியிருக்கின்றன. வறண்ட காற்று நேரே படாமல் நீர் இழப்பைக் குறைக்கும் ஏற்பாடு இது.

பழம் உருண்டையாக, மேலெல்லாம் முள்முடிச்சோடு, ஏறக்குறைய ஒரு கிலோ எடை வரை வளரும். காய் கசக்கும். நம் ஊர் மணற்பாங்கான தரிசுகளில் கிடக்கும் பேய்க்குமட்டியைக் கடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்தக் கசப்பு. இரண்டிலும் உள்ளது குக்குர்பிடாசின் என்னும் ஒரே வேதிப்பொருள் வகைதான். பழுத்தால் கசப்பு இறங்கி, ஆரஞ்சு நிறச் சதை நறுமணத்தோடு இனிக்கும். விதையில் பாதிக்கு மேல் எண்ணெய், கால் பங்குக்கு மேல் புரதம். மத்திய நமிப்பில் உள்ள மிராபிப் என்னும் பாறை ஒதுக்கிடத்தை அகழ்ந்தபோது சுமார் 8,000 ஆண்டுப் பழமையான படிவுகளில் !நாரா விதைகள் கிடைத்திருக்கின்றன. மனிதர் அந்தப் பாலையில் கால் ஊன்றி நிற்க இந்தப் பழமும் ஒரு காரணம்.

பரவல் என்று பார்த்தால் தெற்கு அங்கோலாவின் நமீபே பகுதியிலிருந்து ஆரஞ்சு ஆற்றுப் பக்கம் வரை நீளும் ஒரு கடலோரப் பட்டை. உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. பட்டை நீளமே தவிர, செடி எல்லா இடத்திலும் இல்லை. ஆற்றுக் கழிமுகம், வறண்ட ஓடைகளின் ஓரம், மணற்குன்றுகளுக்கு இடையிலான தாழ்வு என்று, அடியில் நீர் இருக்கும் இடங்களில் மட்டும் திட்டுத் திட்டாக இருக்கிறது.

மழையில்லாத இடத்தில் நீர் ஏது?

நமிப்பின் கடற்கரையில் ஆண்டு மழை 20 மில்லிமீட்டரைத் தொடுவதே அரிது. கரையை ஒட்டி ஓடும் குளிர்ந்த பெங்குவேலா நீரோட்டம் மேகத்தை மழையாக விடாமல் மூடுபனியாகக் கரைக்கு அனுப்புகிறது. அந்தப் பனி இரவிலும் விடியலிலும் செடியின் முட்களில் படிந்து சொட்டுகிறது. இதைப் பார்த்துவிட்டு, !நாரா பனியைக் குடித்தே வாழ்கிறது என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். பனி தண்டை நனைத்து, பகல் வெயிலின் கடுமையைச் சற்றுத் தணிக்கலாம். ஆனால் ஒரு பெண் புதர் ஒரே பருவத்தில் பல பத்துக் கிலோ நீர்ச்சத்துள்ள பழத்தைத் தருகிறது. அவ்வளவு நீரைப் பனி தராது. அது நிலத்தடி நீர். செடியின் ஆணிவேர் 30 மீட்டருக்கும் கீழே போகும் என்று சொல்லப்படுகிறது.

அந்த நிலத்தடி நீரும் அங்கே பெய்த மழையால் வந்ததல்ல. குய்செப் ஆறு, ஆற்றுவழியாக அளந்தால் 400 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, தலைநகர் விண்ட்ஹுக்குக்கு மேற்கேயுள்ள கோமாஸ் மேட்டுநிலத்தில் பிறக்கிறது. அங்கே கோடை மழை கொட்டினால் ஆற்றில் வெள்ளம் வரும். சில நாள், சில வாரம் ஓடும், பிறகு மணல்தான். கடலை எட்டும் வெள்ளம் அரிது. கடைசியாக வந்த பெருவெள்ளங்களில் ஒன்று 2011-இல் வந்தது. அப்படி வரும் ஒவ்வொரு வெள்ளமும் ஆற்று மணலுக்குள் இறங்கி நீர்மட்டத்தை ஏற்றிவிட்டுப் போகிறது. வைகை வறண்டு கிடக்கும்போது மணலைத் தோண்டினால் ஊற்று சுரக்குமே, அதே இயல்புதான். என்ன, அங்கே இரண்டு வெள்ளங்களுக்கு நடுவே பல ஆண்டுகள் போய்விடும்.

ஆக !நாராவின் உயிர் இரண்டு வேறு காலங்களில் தொங்குகிறது. வளர்ந்த செடிக்கு வேண்டியது ஆழத்தில் நிலையாக இருக்கும் நீர். விதைக்கும் நாற்றுக்கும் வேண்டியது எப்போதோ ஒருமுறை மேலே வரும் ஈரம். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் கணக்கு முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

மேட்டைக் கட்டும் செடி

காற்றில் பறந்து வரும் மணல் புதரில் தடுக்கப்பட்டுத் தேங்குகிறது. தேங்கிய மணல் தண்டை மூடுகிறது. மூடினால் செடி மேலே வளர்ந்து வெளிவருகிறது. திரும்பவும் மணல், திரும்பவும் வளர்ச்சி. இப்படித்தான் மேடு பிறக்கிறது. நம் கடற்கரையில் இராவணன் மீசையும் அடப்பங்கொடியும் மணலைப் பிடித்து நிறுத்துவது போன்றதுதான், ஆனால் அளவில் பன்மடங்கு பெரிது. சில மேடுகள் ஓர் ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் பரந்திருக்கும்.

இந்த மேடுதான் சுற்றியுள்ள உயிர்களின் ஊர். முள்ளுக்குள் மணல் எலி வளை தோண்டும். செடியின் பெயராலேயே அழைக்கப்படும் !நாரா வெட்டுக்கிளி தண்டைக் கடித்து வாழும். கொப்புள வண்டு பூவைத் தின்னும். நமிப்பின் வடபகுதி மணற்குன்றுகளில் வாழும் அங்கோலோசாரஸ் என்னும் பெரிய பல்லிக்கு இச்செடி முக்கிய உணவு. ஓரிக்ஸ் மான், நரி, கழுதைப்புலி எல்லாம் பழத்துக்கு வரும். நிழலும் உதிர்ந்து மக்கியவையும் சேர்ந்து மேட்டு மண்ணை வெற்று மணலைவிட வளமாக்குகின்றன. செடி செத்தால் காற்று சில ஆண்டுகளில் மேட்டைக் கரைத்துவிடும். அதோடு இந்த ஊரும் போய்விடும்.

கணக்கெடுப்பவருக்கு ஒரு சிக்கலும் இங்கே இருக்கிறது. ஒரு மேட்டில் நிற்பது ஒரே செடியா, நெருங்கி வளர்ந்து பின்னிக்கொண்ட பல செடிகளா என்று மேலே பார்த்துச் சொல்ல முடியாது. மணலுக்கு அடியில் புதைந்த தண்டுகள் எங்கே பிரிகின்றன என்று யார் தோண்டிப் பார்ப்பது? அதனால் "இத்தனை புதர்கள்" என்று வரும் எண்ணிக்கையை "இத்தனை உயிர்கள்" என்று படிக்கக் கூடாது.

ஆண் செடி, பெண் செடி

!நாரா ஈரில்லத் தாவரம். ஆண் பூ ஒரு செடியிலும் பெண் பூ வேறொரு செடியிலும் இருக்கும். பனையைத் தெரிந்த நமக்கு இது புதிதல்ல. அலகுப்பனை காய்க்காது, பருவப்பனை தனித்து நின்றாலும் காய்க்காது. !நாராவில் ஆண் செடி ஆண்டின் பெரும்பகுதி பூத்திருக்கும். பெண் செடி ஒரு பருவத்தில் பூத்து, பழத்துக்குத் தன் நீரையும் சத்தையும் கொட்டும். மகரந்தத்தைச் சுமப்பவை தேனீக்களும் வண்டுகளும்தான்.

இதனால் இனத்தொகைக் கணக்கில் ஒரு திருப்பம் வருகிறது. உயிரியலாளர்கள் "பயனுறு தொகை" என்று ஓர் அளவை வைத்திருக்கிறார்கள். நூறு செடி நிற்கலாம், ஆனால் அடுத்த தலைமுறைக்கு மரபணு கொடுக்கும் வகையில் அது எத்தனை செடிக்குச் சமம் என்று கேட்பது இந்த அளவு. ஆண், பெண் எண்ணிக்கையைப் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் விடை வரும்.

1. 50 ஆண், 50 பெண் என்றால் பயனுறு தொகை 100.
2. 80 ஆண், 20 பெண் என்றால் அது 64.
3. 90 ஆண், 10 பெண் என்றால் 36 மட்டுமே.

மூன்று நிலையிலும் கண்ணுக்குத் தெரிவது அதே நூறு பச்சைப் புதர்கள். நீர்த் தட்டுப்பாடு வரும்போது காய்க்கும் செலவைச் சுமக்கும் பெண் செடிகள் முதலில் வாடும் வாய்ப்பு ஈரில்லத் தாவரங்களில் உண்டு. ஆகவே ஆண் பெண் பிரிக்காமல் எடுக்கும் !நாராக் கணக்கு பாதிக் கணக்குத்தான்.

தூரமும் ஒரு தடை. செடிகள் திட்டுத் திட்டாக இருப்பதால், ஒரு திட்டில் ஆண் செடிகள் போய்விட்டால் மீதமிருக்கும் பெண்களுக்கு மகரந்தம் வர வேண்டிய தொலைவு கூடுகிறது. ஒரு வண்டு எவ்வளவு தூரம் பறக்கும்?

விதை போகும் வழி

ஒரு பழத்தில் நூற்றுக்கணக்கான விதைகள் இருக்கும். பெரும்பாலானவை மணல் எலிகளின் வயிற்றுக்குப் போய்விடும். எலி மணலில் ஒளித்து வைத்து மறந்துபோன சில தப்பும். தொலைவுக்குப் பரப்புவது முக்கியமாகக் கருமுதுகு நரி. சதைக்காகப் பழத்தை உண்ணும் நரி விதையை மெல்லாமல் விழுங்கி, முளைக்கும் திறன் கெடாமல் வேறோர் இடத்தில் எச்சமாக இடுகிறது. !நாராவைப் பொறுத்தவரை நரிதான் தோட்டக்காரன்.

அப்படி விழுந்த விதை முளைக்க ஈரம் வேண்டும். முளைத்த பிறகு ஒரு பந்தயம் தொடங்குகிறது. வெள்ளம் வடிய வடிய ஈரம் கீழே இறங்கும். நாற்றின் வேர் அதைத் துரத்திக்கொண்டு அதே வேகத்தில் இறங்க வேண்டும். வேர் பிந்தினால் நாற்று காய்ந்துவிடும். மணல் அதிகமாக மூடினாலும் சாவு, மணல் பறந்துபோய் வேர் வெளித்தெரிந்தாலும் சாவு. ஓர் ஆடு வந்து கடித்தாலும் முடிந்தது. இத்தனையும் தாண்டி நிலத்தடி நீரைத் தொட்டுவிட்ட செடி, பிறகு பல பத்தாண்டுகள் நிற்கும். நூறாண்டைத் தாண்டும் செடிகளும் உண்டு என்பது மதிப்பீடு.

நெடுநாள் வாழும் செடியின் கணக்கு

கட்டுரையின் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. இந்தக் கணக்கில் வரும் எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை, களத்தில் அளந்தவை அல்ல. விதி மட்டும் உண்மையானது.

ஓர் இடத்தில் 1,000 வளர்ந்த செடிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று சாகிறது. புதிதாக ஒரு நாற்றுக்கூட வேர் பிடிக்கவில்லை. ஐம்பது ஆண்டுக்குப் பின் எத்தனை மிஞ்சும்? 605. அதாவது அரை நூற்றாண்டாக ஒரு பிறப்புகூட இல்லாத ஓர் இனத்தொகையில், பத்தில் ஆறு செடி இன்னும் பச்சையாக நின்று காய்த்துக்கொண்டிருக்கும். அங்கே போகிறவர் படம் எடுத்துக்கொண்டு, "நன்றாகத்தானே இருக்கிறது" என்று திரும்பிவிடுவார். இளைஞர் எல்லாம் வெளியூர் போய்விட்ட ஒரு கிராமத்தில், திண்ணை முழுக்க ஆள் உட்கார்ந்திருப்பது போன்ற காட்சி இது. தொட்டிலில் குழந்தை இருக்கிறதா என்று பார்த்தால்தான் ஊரின் நிலை தெரியும்.

இதைத்தான் சூழலியலில் "அழிவுக் கடன்" என்கிறார்கள். அழிவு முடிவாகிவிட்டது, தவணை மட்டும் இன்னும் முடியவில்லை.

இப்போது நாற்றுகளையும் கணக்கில் சேர்ப்போம். ஆண்டுதோறும் நாற்று வர வேண்டியதில்லை. 20 ஆண்டுக்கு ஒரு பெருவெள்ளம் வந்து ஒரே முறையில் பெருந்திரளாக நாற்றுப் பிடித்தால் போதும். நூற்றுக்கு ஒன்று என்ற சாவு விகிதத்தில் 20 ஆண்டில் 1,000 செடி 818 ஆகும். குறைந்த 182-ஐ அந்த ஒரு வெள்ளம் ஈடுகட்டிவிட்டால் தொகை நிலைக்கும். பாலைவனத்து நெடுவயதுச் செடிகள் பலவும் இப்படித்தான் வாழ்கின்றன. நல்ல ஆண்டின் வரவைச் சேமித்து, கெட்ட ஆண்டுகள் முழுக்கச் செலவழிக்கின்றன.

இந்த ஏற்பாட்டை இரண்டு வழியில் உடைக்கலாம்.

1. நீர்மட்டம் இறங்கி, சாவு விகிதம் நூற்றுக்கு இரண்டானால், 20 ஆண்டில் இழப்பு 332.
2. சாவு விகிதம் மாறாமல், பெருவெள்ளம் 20 ஆண்டுக்குப் பதிலாக 40 ஆண்டுக்கு ஒருமுறை என்றானால், அந்த 40 ஆண்டில் இழப்பு 331.
3. இரண்டும் சேர்ந்து நடந்தால், ஒரு வெள்ளத்துக்கும் அடுத்த வெள்ளத்துக்கும் இடையே 554 செடிகள் போய்விடும். பாதிக்கு மேல்.

முதல் இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வளர்ந்த செடியின் சாவை இரட்டிப்பாக்குவதும், வெள்ளத்தின் இடைவெளியை இரட்டிப்பாக்குவதும், ஒரு வெள்ளம் ஈடுகட்ட வேண்டிய சுமையை ஏறக்குறைய ஒரே அளவுக்கு ஏற்றுகின்றன. குய்செப்பின் கீழ்ப்பகுதியில் இந்த இரண்டையும் மனிதர் செய்கிறார்கள். மூன்றாவது வரிதான் அங்கே பொருந்தும் என்று நான் அஞ்சுகிறேன்.

குய்செப்பில் நடந்தது

முதலாவதும் மிகப் பெரியதும் நீர். வால்விஸ் பே நமீபியாவின் முதன்மைத் துறைமுகம். 1994-இல்தான் தென்னாப்பிரிக்காவிடமிருந்து நமீபியாவுக்கு வந்தது. குடிக்க ஒரு துளி ஊற்று இல்லாத அந்த நகருக்கு, ரூய்பாங்க் பகுதியில் குய்செப் மணலில் தோண்டிய ஆழ்துளைக் கிணறுகளிலிருந்தே நெடுங்காலமாக நீர் போகிறது. மீன் பதப்படுத்தும் ஆலைகள் பெருகின, நகரம் பெருகியது. 1976-இல் ரோசிங் யுரேனியச் சுரங்கம் உற்பத்தியைத் தொடங்கியபின், அந்தப் பாலைவனக் கரையின் நீர்த் தேவை முன்பு கண்டிராத அளவுக்கு உயர்ந்தது. வெள்ளம் எப்போதோ ஒருமுறை நிரப்பும் தொட்டியிலிருந்து தினமும் மொண்டால் நீர்மட்டம் இறங்கத்தான் செய்யும்.

ஆணிவேர் முப்பது மீட்டர் போகும் செடிக்கு நீர்மட்டம் சில மீட்டர் இறங்கினால் என்ன என்று தோன்றலாம். வேரின் நீளம் மட்டும் முக்கியமல்ல, இறங்கும் வேகமும் முக்கியம். வயதான செடி, தன் வேர்நுனி பல்லாண்டு பழகிய ஈர அடுக்கை விட்டு நீர் சடாரென்று இறங்கினால், அதைத் துரத்த முடியாமல் கிளை கிளையாகக் காயும். நாற்றுக்கோ சில மீட்டர் என்பதே வாழ்வுக்கும் சாவுக்குமான இடைவெளி.

இரண்டாவது, வெள்ளத்தைத் திருப்பிவிட்டது. குய்செப் தன் கழிமுகத்தில் இரு கிளையாகப் பிரிந்து ஓடியது. வடக்குக் கிளை வால்விஸ் பே நகரை நோக்கிப் போகும். நகரை வெள்ளத்திலிருந்து காக்க 1960-களின் தொடக்கத்தில் தடுப்புக்கரை எழுப்பி, நீரைத் தெற்குக் கிளைக்குத் திருப்பினார்கள். நகரைக் காக்க வேண்டியது நியாயம்தான். ஆனால் அன்றுமுதல் வடக்குக் கிளையின் !நாராக்களுக்கு வெள்ளம் என்பதே இல்லாமல் போனது. மேலே சொன்ன கணக்கில் "வெள்ள இடைவெளி" முடிவிலியாகிவிட்ட நிலை அது. அங்குள்ள செடிகள் பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகக் காய்ந்து வந்தன. உச்சியில் பட்ட தண்டு மட்டும் நிற்கும் மேடுகளையும், கரைந்துகொண்டிருக்கும் மேடுகளையும் அந்தப் பக்கத்தில் பார்க்கலாம். ஓர் அணை அல்லது கரை கட்டும்போது அதன் சூழல் விளைவை ஐந்து ஆண்டு கண்காணித்து "பாதிப்பில்லை" என்று எழுதிவிடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். நூறாண்டு வாழும் செடியிடம் ஐந்து ஆண்டில் எந்தப் பாதிப்பைப் பார்க்க முடியும்?

மேல்நிலத்தில் பண்ணைக் குட்டைகளும் சிறு அணைகளும் பெருகியதும் இதோடு சேர வேண்டியது. ஒவ்வொன்றும் சிறியதுதான், ஆனால் நடுத்தர வெள்ளங்களைக் கீழே வரவிடாமல் உறிஞ்சுவதற்கு அவை போதும்.

மூன்றாவது, கால்நடை. ஆடும் கழுதையும் இளந்தண்டையும் பூவையும் மேய்கின்றன. அவிழ்த்துவிட்ட கழுதைகள் பழத்தை உடைத்துத் தின்கின்றன. வளர்ந்த புதரின் முள் அதைக் காக்கும், நாற்றுக்கு அந்தக் காவல் இல்லை.

நான்காவதை நாம் நன்றாக அறிவோம். நம் சீமைக்கருவேலத்தின் உறவு இனங்கள் நமீபியாவின் ஆற்றுப் படுகைகளிலும் புகுந்திருக்கின்றன, குய்செப்பும் அதற்கு விலக்கல்ல. இராமநாதபுரத்தில் கண்மாய் நீர் எங்கே போகிறது என்று கேட்பவருக்கு இதற்குமேல் விளக்க வேண்டாம். மணல்மேடுகளில் வண்டி ஓட்டி விளையாடும் சுற்றுலாவும் கழிமுகப் பக்கத்தில் நாற்றுகளுக்கு ஒரு கேடு.

அறுவடை செய்பவர்கள் குற்றவாளிகளா?

பழத்தைப் பறித்து விதையை விற்பதால்தான் செடி அருகுகிறது என்று சொல்வோர் உண்டு. கணக்கு அதை ஆதரிக்கவில்லை.

!நாராவின் இனத்தொகையை நெரிக்கும் இடம் விதைப் பற்றாக்குறை அல்ல. ஒரு பெண் செடி ஓர் ஆண்டில் ஆயிரக்கணக்கான விதைகளை உருவாக்குகிறது. அதன் வாழ்நாள் முழுதும் அதில் ஓரிரண்டு செடியானாலே தொகை நிலைக்கும். தடை, விதை முளைத்தபின் நீரைத் தொடும் கட்டத்தில் இருக்கிறது. வளர்ந்த செடியை வெட்டாமல், கனிந்த பழத்தை மட்டும் எடுக்கும் அறுவடை, கிணறும் தடுப்புக்கரையும் செய்யும் கேட்டுக்கு அருகில் கூட வராது.

அறுவடை செய்யும் டோப்னார் மக்கள் நாமா மொழி பேசுபவர்கள். தங்களை ஆவோனின் என்று அழைத்துக்கொள்பவர்கள். குய்செப்பின் கீழ்க்கரையில் சிறு சிறு குடியிருப்புகளாக வாழ்கிறார்கள். குச்சியால் பழத்தை நெம்பிப் பார்த்து, காம்பு எளிதாக விட்டால்தான் எடுப்பது வழக்கம். பழச்சதையைப் பெரிய கலனில் நெடுநேரம் காய்ச்சி, விதையைப் பிரித்தெடுத்து மணலில் உலர்த்துவார்கள். காய்ச்சிய சாற்றை வெயிலில் மெல்லிய தகடாகக் காயவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. நமக்குப் பனங்கூழைப் பாயில் ஊற்றிக் காயவைக்கும் பனாட்டு நினைவுக்கு வரும். விதை ஒரு காலத்தில் கேப் டவுன் வரை பாதாம் பருப்புக்கு மாற்றாகப் போனது. இன்று விதை எண்ணெய் அழகுப் பொருள்களுக்குப் போகிறது.

முன்பு !நாராத் திட்டுகள் குடும்பவாரியாகப் பிரிக்கப்பட்டு, வழிவழியாக உரிமையாக இருந்தன. தன் திட்டு என்று தெரிந்தவர் கசக்கும் காயைப் பறிக்க மாட்டார், நாளை பழுக்கும் என்ற உறுதி அவருக்கு இருக்கும். அந்த முறை தளர்ந்துவிட்டது. இளையோர் துறைமுக வேலைக்குப் போனார்கள். காலனி ஆட்சி 1907-இல் இந்நிலத்தை வேட்டைக் காப்பகமாக அறிவித்தது, பிறகு அது தேசியப் பூங்காவானது. அங்கேயே வாழும் மக்களுக்கு நிலத்தின்மேல் எழுத்துப்பூர்வ உரிமை இல்லை. யாருடைய திட்டு என்ற கேள்வியே இல்லாதபோது, முந்திப் பறித்தவருக்கு லாபம். முதிராத காயின் விதை முளைக்காது, நரிக்கும் மிச்சமில்லை. ஆகவே அறுவடையில் ஒரு கேடு உண்டுதான். ஆனால் அது மக்களின் பேராசையால் வந்ததல்ல, அவர்கள் வைத்திருந்த காவல் முறையை வெளியிலிருந்து உடைத்ததால் வந்தது.

சிவப்புப் பட்டியல் ஏன் தாமதிக்கிறது?

ஓர் இனம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்பதை மதிப்பிட, உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் பார்க்கும் அளவுகளில் ஒன்று, பத்து ஆண்டு அல்லது மூன்று தலைமுறை, இரண்டில் எது நீளமோ அந்தக் காலத்துக்குள் தொகை எவ்வளவு குறைந்தது என்பது. எலிக்கோ மீனுக்கோ இது சரி. பல பத்தாண்டு ஒரு தலைமுறையாக உள்ள செடிக்கு மூன்று தலைமுறை என்றால் கணக்கெடுப்பே இல்லாத காலத்துக்குப் போக வேண்டும். அங்கோலா முதல் ஆரஞ்சு ஆறு வரை பரந்திருப்பதால் மொத்தப் பரப்பளவு பெரிதாகத் தெரியும். ஒரு கழிமுகத்தின் அழிவு அந்தப் பெரிய எண்ணுக்குள் கரைந்துவிடும்.

களத்தில் செய்ய வேண்டியவை

1. புதர்களை எண்ணுவதோடு நிற்காமல், ஒவ்வொரு மேட்டையும் அளவுவாரியாக, ஆண் பெண் பிரித்து, உச்சியில் எத்தனை பங்கு தண்டு பட்டிருக்கிறது என்று சேர்த்துக் குறிக்க வேண்டும். சிறு செடிகளே இல்லாத அட்டவணை வந்தால், மேற்கொண்டு சான்று தேட வேண்டாம்.

2. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பின்னும், நாற்றுகளை அந்த ஆண்டு மட்டுமல்லாமல் தொடர்ந்து சில ஆண்டுகள் பார்க்க வேண்டும். முளைத்தவை எத்தனை என்பதைவிட, நீரைத் தொட்டவை எத்தனை என்பதே விடை. குய்செப் கரையில் 1960-களின் தொடக்கம் முதல் இயங்கும் கோபபெப் ஆய்வு நிலையம் இதற்கு வாய்ப்பாக அருகிலேயே இருக்கிறது.

3. கிணறுகளில் எடுக்கும் அளவை, நீர்மட்டம் ஓர் ஆண்டில் எவ்வளவு இறங்கலாம் என்ற வரம்போடு பிணைக்க வேண்டும். மொத்த அளவுக்கு வரம்பு வைத்தால் மட்டும் வேருக்குப் பயனில்லை.

4. வெள்ளம் வந்த திட்டுகளில் நாற்றுப் பருவத்தில் மட்டும் வேலியிட்டு ஆடு, கழுதைகளைத் தள்ளி வைக்கலாம். ஆண்டு முழுக்கத் தடை போட்டால் அதே டோப்னார் குடும்பங்களின் வயிற்றில்தான் அடிக்கும்.

5. அறுவடைத் திட்டுகளின் பொறுப்பைக் குடும்பங்களிடமே முறையாகத் திருப்பித் தர வேண்டும். உயிரியல் வளங்களையும் மரபறிவையும் பிறர் பயன்படுத்தினால் பலனைப் பகிர வேண்டும் என்று நமீபியா 2017-இல் சட்டம் இயற்றியிருக்கிறது. எண்ணெய் வணிகத்தில் அதை நடைமுறைப்படுத்தினால், கனிந்த பழத்துக்குக் காத்திருப்பவருக்கு லாபம் வரும்.

நாற்று வளர்த்து நட்டுவிடலாமே என்ற யோசனை எளிதாகத் தோன்றும். ஆணிவேர் மிக வேகமாக இறங்கும் செடியைப் பையில் வளர்த்து நடுவது கடினம். வேர் மடங்கினால் நீரைத் தொடாது. நட்டாலும், அடியில் நீர் இல்லாத இடத்தில் வாளியால் ஊற்றி எத்தனை ஆண்டு காப்பது?

நீர்ப் பக்கத்தில் ஒரு வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. வேறொரு யுரேனியச் சுரங்கத்துக்காக ஸ்வகோப்முண்டு நகருக்கு வடக்கே வ்லோட்ஸ்காஸ்பாக்கனில் கட்டிய கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை 2010 முதல் இருக்கிறது. ஆண்டுக்கு 2 கோடி கன மீட்டர் நன்னீர் தரும் திறன் கொண்டது. கடல்நீரிலிருந்து எடுக்கும் நீர் விலை கூடியது, ஆற்று மணலிலிருந்து எடுப்பது மலிவு. அந்த விலை வேறுபாட்டை நகரமும் சுரங்கங்களும் ஏற்றுக்கொண்டால், ரூய்பாங்க் கிணறுகளில் எடுப்பதைக் குறைத்து, அடுத்த வெள்ளம் நிரப்பும் நீரை மணலுக்குள்ளேயே விட்டுவைக்க முடியும். வடக்குக் கிளையின் தடுப்புக்கரையில் மதகு அமைத்து, பெருவெள்ளத்தின்போது நகருக்குக் கேடில்லாத அளவுக்கு நீர் விட முடியுமா என்பது பொறியாளர்கள் விடை சொல்லக்கூடிய கேள்வி. அந்தப் பக்கத்தில் இன்னும் உயிர் பிடித்து நிற்கும் பெண் செடிகள் காய்ப்பை நிறுத்துவதற்குள் அதைக் கேட்டாக வேண்டும்.